ரப்பருக்குள் சோறு

தோட்டத்து நாய்க்கு யாரும் சாப்பிடக் கற்றுக் கொடுத்ததில்லை. கெடா மாநிலத்தில் பீடோங், கூலிம், பாடாங் செராய், கோலக் கெட்டில் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். லயத்துக்கு லயம் நாய்கள் இருந்தன என்பார்கள். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகிறவர்களின் பின்னாலேயே அவை ஓடும். இருட்டில் பன்றியோ பாம்போ தட்டுப்பட்டால் முதலில் குரைத்துக் காட்டிக் கொடுக்கும். மங்கில் பால் சொட்டுகிற நேரத்தில் சருகைக் கிளறும், பூச்சி பிடிக்கும், எலி வளையைத் தோண்டும். பால் எடுத்து முடிந்ததும் காண்டா வாளிக்குப் பின்னால் ஸ்டோர் வரைக்கும் நடந்துவிட்டு லயத்துக்குத் திரும்பும். அதன் பிறகுதான் பழைய சோறும் கருவாட்டுத் தலையும் கிடைக்கும். அந்தப் பிடிச் சோற்றைத் தின்பதற்கு முன்னால் அந்த நாய் பாதி நாள் வேலை பார்த்திருக்கும்.

அந்த வாழ்க்கையைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சொறி, குடற்புழு, பாம்புக்கடி என்று தோட்டத்து நாய்கள் சீக்கிரமே மாண்டன. ஊசி போட்டு வளர்த்தவர்களும் குறைவு. ஆனாலும் ஒரு குறை மட்டும் அவற்றுக்கு இருந்ததில்லை. ‘இன்று பொழுது எப்படிப் போகும்?’ என்ற கவலை எந்தத் தோட்டத்து நாய்க்கும் வந்ததில்லை.

பட்டணத்து நாயின் நிலை வேறு. தோட்டங்களில் ரப்பர் மரங்கள் விழுந்தன; செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் தாமான்கள் எழுந்தன. லயத்தில் இருந்தவர்கள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் வரிசை வீடுகளுக்குக் குடியேறினார்கள். நாய் வளர்க்கும் ஆசையும் அவர்களோடு சேர்ந்து வந்தது. ஆனால் வரிசை வீட்டில் நாய்க்கு இருப்பது முன்பக்கம் கார் நிற்கும் இடமும் பின்பக்கம் துணி காயும் இடமும்தான். கழுத்தில் சங்கிலி. காலையில் ஒரு தட்டுச் சோறு, மாலையில் ஒரு தட்டுச் சோறு. இரண்டு நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும். மிச்சமிருக்கும் நேரமெல்லாம் சும்மா கிடக்க வேண்டியதுதான். ‘வேளா வேளைக்குச் சோறு போடுகிறோமே, பிறகு ஏன் இந்த நாய் குரைக்கிறது?’ என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

மனிதருக்கே ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, நாய்க்குட்டிக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். கடைசி வரை படித்தால் இதில் மனிதர்களும் இருப்பது தெரியும்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மூன்றாம் படிவத் தேர்வை முடித்துவிட்டு நான் விடுமுறையில் இருந்தேன். அப்பா தாம் பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயிலுக்குப் போய்விட்டு, வரும்போது ஒரு கறுப்பு நாய்க்குட்டியைக் கொண்டு வந்தார். பாதி இடிந்த லயத்துக்கு அடியில் எலும்பும் தோலுமாக ஒரு தாய் நாய் ஈன்ற குட்டிகளில் அது ஒன்று. வயது இரண்டு மாதம் இருக்கும். கருப்பன் என்று பெயர் வைத்தோம்.

அப்பா லாரி ஓட்டுகிறவர். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். வீட்டில் நானும் பாட்டியும்தான். குட்டியைப் பின்பக்கம் கட்டி வைத்தோம். மூன்றாம் நாளே அது குரைக்கத் தொடங்கியது. குரைத்துக் களைத்தால் அழும். அழுது களைத்தால் சிலிப்பரைக் கடிக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தின் நீர்க்குழாயையும் விட்டு வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இரவு ஷிப்ட். பகலில்தான் அவர் தூங்க முடியும். இரண்டு வாரம் பொறுத்திருந்துவிட்டு ஒருநாள் வேலிக்கு அப்பால் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. “அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு நாளா தூக்கமே இல்ல. மெஷின்ல கை மாட்டிக்குமோன்னு பயமா இருக்கு” என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் அப்பாவும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். அவர் கெஞ்சிப் பேசியதால் அப்பாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு அப்பா முடிவைச் சொன்னார். “ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள இது அடங்கலன்னா, தோட்டத்துலயே கொண்டு போய் விட்டுறலாம்.”

பாட்டிதான் கேட்டார். “தோட்டத்துல யாருடா இருக்கா, இதுக்குச் சோறு போட?”

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் அப்போது ஏழெட்டுக் குடும்பங்களே மிஞ்சியிருந்தன. ‘தோட்டத்தில் விட்டுவிடலாம்’ என்பது நம்மவர் வாயில் சாதாரணமாக வரும் சொல். சந்தையில் விடுவது, கோயில் வாசலில் விடுவது, செம்பனைக் காட்டில் விடுவது எல்லாம் ஒன்றுதான். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது, தெருநாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. கேட்பாரற்ற நாய்க்குத்தான் முதலில் ஆபத்து வருகிறது. கருப்பனை விட்டுவிட்டு வருவதற்கு என்ன பொருள் என்பது அப்பாவுக்கும் தெரிந்தே இருந்தது.

முதல் தடுப்பூசி போடக் கருப்பனைப் பட்டணத்து விலங்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனபோது குரைக்கும் தொல்லையையும் சொன்னோம். அவர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற வடிவம். நடுவில் குடைவு. அடியில் பெரிய ஓட்டை, உச்சியில் சின்ன ஓட்டை. கோங் என்பது அதன் பெயர். “இதுக்குள்ள சாப்பாட்டை வச்சுக் கொடுங்க. தட்டுல போடாதீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பாட்டி கையில் கொடுத்தேன். பாட்டி நாற்பது ஆண்டுக்கு மேல் மரம் சீவியவர். விரல்களால் அதை அழுத்திப் பார்த்தார். பிறகு முகர்ந்தார். “ஏ பாப்பா, இது நம்ம பாலு! கொஞ்சம் மருந்து வாசம் கலந்திருக்கு” என்றார்.

பாட்டி சொன்னது சரிதான். அது இயற்கை ரப்பரால் செய்யப்படுவது. அதன் கதையைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய் இருந்தது. போலீஸ் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாய் அது. வேலை போனதும் அது கல்லைக் கடிக்கத் தொடங்கிற்று, பற்கள் தேய்ந்தன. என்ன கொடுத்தும் அந்தப் பழக்கத்தை நிறுத்த முடியவில்லை. ஒருநாள் மார்க்கம் தம் ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது கழற்றிப் போட்ட ரப்பர்த் துண்டு ஒன்றை ஃபிரிட்ஸ் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அந்தத் துண்டின் வடிவத்தைப் பார்த்துத்தான் இந்தப் பொருள் பிறந்தது. அவர் நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1976.

அந்த ஆண்டைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்னால், 1876இல்தான் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரம்தான். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்து கெடாவின் காட்டை அழித்துத் தோட்டமாக்கியதும் அந்த மரத்துக்காகத்தான். அதே மரத்தின் பால், வேலையிழந்து கல்லைக் கடித்த ஒரு நாய்க்கு ஆறுதலாகி, சுங்கைப் பட்டாணியில் வேலையில்லாமல் கிடந்த எங்கள் கருப்பனிடம் வந்து சேர்ந்தது.

ஆனால், பொருளை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. குட்டிக்கு அதைப் பழக்க வேண்டும். முதல்நாள் நான் அதைக் கருப்பனுக்கு முன்னால் போட்டேன். அது எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாத வடிவம். ஒரு துள்ளு துள்ளியதும் கருப்பன் துணி இயந்திரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டான். மருத்துவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது: “முதல் ஒரு வாரம் குட்டி தோற்கவே கூடாது.”

அடுத்த வேளை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஓட்டையின் விளிம்பில் மட்டும் வேகவைத்துப் பிசைந்த பூசணிக்காயைத் தடவினேன். கருப்பன் மெல்ல வந்து முகர்ந்தான், நக்கினான். ‘இந்தப் பொருள் கடிக்காது, இதில் ருசி இருக்கிறது’ என்று தெரிந்துகொண்டான். அன்றைய பாடம் அவ்வளவுதான். மறுநாள் உலர் தீனியை உள்ளே உதிரியாகப் போட்டேன். மூக்கால் ஒரு தள்ளு தள்ளினால் நாலைந்து உருண்டைகள் கொட்டின. கருப்பனின் வால் அன்றுதான் முழு வீச்சில் ஆடியது.

பாட்டி கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்பட்டுச் சோற்றை இறுக்கி அடைக்கப் போனபோது தடுத்துவிட்டார். “புதுசா உளி பிடிக்கிறவங்களுக்கு நல்ல மரத்தைக் கொடுக்க மாட்டாங்க. வெட்டித் தள்ளப்போற கெழட்டு மரத்தக் கொடுத்துதான் பழக்குவாங்க. கை பழகுன பிறகுதான் இளமரம். இதுவும் அப்படித்தான். லேசா வை” என்றார்.

மருத்துவர் சொன்னதும் இதுதான். பாட்டி அதைத் தோட்டத்து மொழியில் சொல்லிவிட்டார். அன்று முதல் கருப்பனின் பயிற்சியைப் பாட்டி சொன்னபடியே அமைத்துக்கொண்டேன். முதல் வாரம் உதிரித் தீனி மட்டும். உருட்டினால் கொட்ட வேண்டும். இரண்டாம் வாரம் உதிரித் தீனியோடு எளிதில் வராத பெரிய துண்டு ஒன்று. உதாரணத்துக்கு, வேகவைத்த கேரட். மூன்றாம் வாரம், தீனியைச் சிறிது நீரில் ஊறவைத்துப் பிசைந்து தளர்வாக நிரப்புவது. அதை நக்கி நக்கித்தான் எடுக்க முடியும். அதுவும் கைவந்த பிறகுதான் குளிர்பெட்டியில் உறையவைத்துக் கொடுப்பது. ஒவ்வொரு படியிலும் கருப்பன் ஐந்து நிமிடத்துக்கு மேல் திணறினாலோ விட்டுவிட்டு நகர்ந்தாலோ, மறுவேளை ஒரு படி இறங்கிவிடுவோம்.

உறையவைப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. ஏறத்தாழ மூன்று மாதம் தொடங்கி ஆறேழு மாதத்துக்குள் அவை விழுந்து, 42 நிலைப்பற்கள் முளைக்கும். அந்தக் காலத்தில் ஈறு குறுகுறுக்கும். எதையாவது கடித்தே ஆக வேண்டும். சிலிப்பரைக் கடிப்பது குறும்பினால் அல்ல. குளிர்ந்த ரப்பர் அந்த ஈறுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் குட்டிக்கென்று மென்மையாகச் செய்யப்பட்டதையே வாங்க வேண்டும். பெரிய நாய்க்குரிய கெட்டியான ரப்பர் பால் பற்களுக்கு ஆகாது. வாய்க்குள் முழுதாக நுழைந்துவிடும் அளவுக்குச் சிறியதும் ஆபத்து. ஓட்டை இரண்டு இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒரே ஓட்டை உள்ள பொருளுக்குள் காற்று போக வழியில்லாமல் நாக்கு உறிஞ்சப்பட்டுச் சிக்கிக்கொள்ளக்கூடும்.

உள்ளே என்ன வைப்பது? நம் சமையலறையில் இருப்பதே போதும். வெறும் சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழி, பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட். ஆனால் நேற்றைய கறியைச் சோற்றில் பிசைந்து வைக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் கறியில் அவை இல்லாமல் இருக்குமா? தோட்டத்து நாய்கள் அதைத் தின்றுதானே வளர்ந்தன என்று பாட்டி கேட்டார். அவற்றில் எத்தனை எதனால் செத்தன என்று யார் கணக்கு வைத்தார்கள்? சாக்லெட், திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால், அதில் சைலிட்டால் என்னும் இனிப்புப்பொருள் இல்லை என்பதைப் போத்தலைப் படித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். அது நாய்க்குக் கொடிய நஞ்சு. வைப்பதெல்லாம் அன்றைய சாப்பாட்டிலிருந்து எடுத்ததாகவே இருக்க வேண்டும். தட்டுச் சோற்றையும் போட்டுவிட்டு இதையும் கொடுத்தால் குட்டி உருண்டு போகும்.

புத்தகத்தில் இல்லாத சில சங்கடங்களும் வந்தன. நம் ஊர் வெயிலில் ஈரச் சோறு சீக்கிரமே புளித்துவிடும். எறும்பு அதற்கு முன்னாலேயே வந்துவிடும். ஆகவே அரை மணி, முக்கால் மணிக்குள் தின்று முடிக்கும் அளவே வைப்போம். முடிந்ததும் பால் போத்தல் கழுவும் பிரஷ்ஷால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்ப்போம். ஒருநாள் அது துள்ளிக்கொண்டு கேட்டுக்கு அடியில் உருண்டு எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டார் மலாய்க் குடும்பம். நாயின் எச்சில் பட்ட பொருளைத் தொட்டால், மண் கலந்த நீரால் ஒருமுறையும் வெறும் நீரால் ஆறு முறையும் அவர்கள் கழுவ வேண்டும். நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த மாக் சிக் சிரித்துக்கொண்டே, “அது என்ன, பந்தா?” என்று மலாயில் கேட்டார். அன்று மாலையே அப்பா கேட்டின் அடியில் ஒரு பலகையை வைத்துக் கட்டினார். குட்டியை விரட்டப்போவதாகச் சொன்ன மனிதர், குட்டியின் விளையாட்டுப் பொருளுக்கு வேலி கட்டினார் என்பதை நானும் பாட்டியும் கவனித்தோம். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்பதால் எல்லாராலும் அதை வாங்கிவிட முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பழைய துவாலையை விரித்து, தீனியைத் தூவி, தளர்வாகச் சுருட்டிக் கொடுக்கலாம். முட்டை அட்டையில் தூவி இன்னோர் அட்டையால் மூடலாம். அட்டையையோ துணியையோ விழுங்கும் குட்டியாக இருந்தால் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். ரப்பர்க் கொட்டையை மட்டும் நாய்க்கு விளையாடக் கொடுக்காதீர்கள். சிறுவர்கள் தரையில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடும் கொட்டைதான். ஆனால் அதன் பருப்பில் சயனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது.

இனி, குரைப்பது நின்றதா என்ற கேள்விக்கு வருகிறேன். உடனே நிற்கவில்லை. தனியாக இருக்கப் பழக்குவது இன்னொரு பாடம். முதலில் கருப்பன் தின்னும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். பிறகு கதவுக்கு உள்ளே ஒரு நிமிடம் போய்விட்டு வந்தேன். பிறகு மூன்று நிமிடம், பத்து நிமிடம். அவன் முடிக்கும் முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. டிசம்பர் கடைசியில், உறையவைத்ததைக் கொடுத்தால் நாற்பது நிமிடம் சத்தமே இருக்காது. அதன் பிறகு நக்கிய களைப்பில் தூங்கிவிடுவான். சங்கிலியையும் கழற்றிவிட்டோம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் வேலியோரம் நின்று, “நாயை எங்கயாச்சும் கொடுத்துட்டீங்களா?” என்று கேட்டார். பாட்டி கருப்பனைத் தூக்கிக் காட்டினார். 2020 ஜனவரியில் பள்ளி திறந்தது. அப்பா தோட்டத்துப் பேச்சை எடுக்கவே இல்லை.

மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, நாடே வீட்டுக்குள் அடங்கியது. எல்லாரும் வீட்டில் இருந்த அந்த நாள்களிலும், தினமும் அரை மணி கருப்பனைத் தனியே விட்டுத்தான் சாப்பாடு கொடுத்தோம். மறுபடியும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் நாள் வரும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த நாள் வந்தபோது கருப்பன் கலங்கவில்லை.

இதை மந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆள் போனதும் நடுங்கி, எச்சில் வடித்து, எவ்வளவு ருசியான பொருளை வைத்தாலும் தொடாத நாய்கள் உண்டு. அது சோம்பல் அல்ல, அச்சம்; அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். தின்றுகொண்டிருக்கும் குட்டியிடமிருந்து வெடுக்கென்று பிடுங்குவதும் கூடாது. வேறொரு நல்ல துண்டைக் காட்டி மாற்றிக்கொண்டால், அது உறுமக் கற்றுக்கொள்ளாது. ரப்பர்த் துண்டைப் போட்டுவிட்டு நாள் முழுக்க எட்டிப் பார்க்காமல் இருப்பதும் சங்கிலியில் கட்டுவதைப் போன்றதுதான். நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், உணவும் இடமும் தருவதோடு உரிமையாளரின் கடமை முடிந்துவிடுவதாகச் சொல்லவில்லை. விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த முடிய வேண்டும் என்பதையும் அதன் தேவைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

1963இல் கிளன் ஜென்சன் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு பக்கம் கிண்ணம் நிறைய இலவச உணவு. இன்னொரு பக்கம் அழுத்தினால் உணவு விழும் ஒரு விசை. உணவு இரண்டிலும் ஒன்றுதான். இருந்தும் பல எலிகள் கிண்ணத்தை விட்டுவிட்டு விசையை அழுத்தி உண்டன. பின்னர் வேறு பல விலங்குகளிடமும் இது காணப்பட்டது. பூனை மட்டும் இதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லையாம்! கடும்பசியில் இருக்கும் விலங்கு இலவச உணவைத்தான் நாடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் மிகவும் பசித்த குட்டிக்குக் கொஞ்சம் தட்டில் கொடுத்துவிட்டுப் பிறகு ரப்பரைக் கொடுப்போம். ‘குந்தித் தின்றால் குன்றும் மாளும்’ என்பது நம் பழமொழி. குன்று மாள்கிறதோ இல்லையோ, குந்தித் தின்கிறவர் மாள்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை நான் கருப்பனை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. நாங்கள் தாமானுக்கு வந்த நாள்முதல் வீட்டில் எல்லாரும் பாட்டியிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லி வந்தோம்: “நீங்க சும்மா உக்காருங்க.” அன்பினால் சொன்னதுதான். நாற்பது ஆண்டுகளாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர், கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் கண்ணை வைத்திருந்தார். மதியம் சாப்பிட்டதும் தூங்கினார். இரவு தூக்கம் வரவில்லை என்று கிளினிக்கில் மாத்திரை வாங்கினார். எங்கள் தாமானில் இப்படிப் பல தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். பெரட்டுக்கு ஓடியவர்கள், உரமூட்டை சுமந்தவர்கள், ஒரு நாளில் நானூறு ஐந்நூறு மரம் சீவியவர்கள். பிள்ளைகள் வேளைக்குச் சாப்பாடு போடுகிறார்கள். ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் அவர்கள் கைக்கு ஒரு வேலையும் இல்லை.

கருப்பனின் சாப்பாட்டு வேலையைப் பாட்டியிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. பள்ளி திறந்த வாரம் அவராகவே எடுத்துக்கொண்டார். இரவு படுக்குமுன் பூசணியை வேகவைப்பார். ரப்பரை நிரப்பிக் குளிர்பெட்டியில் நிறுத்தி வைப்பார். ஒன்று போதாது என்று இன்னும் இரண்டு வாங்கச் சொன்னார். காலையில் ஒன்றைத் துணிக்கொடிக்கு அடியிலும் இன்னொன்றைப் பூச்சட்டிக்குப் பின்னாலும் ஒளித்து வைப்பார். கருப்பன் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். “தோட்டத்துல இவன் அம்மா தேடித்தானே தின்னா” என்பார்.

இன்று கருப்பன் ஆறு வயதைத் தாண்டிய பெரிய நாய். ஆண்டுதோறும் ஊசி போடுகிறோம். நகராட்சி உரிமமும் எடுத்திருக்கிறோம். சின்ன வயதில் பழகிய ரப்பரை அவனுடைய பற்கள் என்றோ மிஞ்சிவிட்டன. இப்போது பெரிய நாய்க்குரிய கெட்டி ரப்பர். பாட்டிக்கு எண்பது நெருங்குகிறது. காது மந்தம், முட்டி வலி. ஆனாலும் அந்த வேலையை எவருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. நான் விடுமுறைக்கு வீடு திரும்பிய ஒருநாள், “நீங்க இருங்க பாட்டி, நான் நிரப்புறேன்” என்றேன். “நீ வச்சா இறுக்கமா வச்சிடுவ” என்று ரப்பரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிற நண்பர்கள் சிலராவது ஒரு குட்டியைத் தூக்கி வருவீர்கள். சோறு எப்படியும் போட்டுவிடுவீர்கள். அந்தச் சோற்றை அது தேடி எடுக்க ஒரு வழியையும் செய்து கொடுங்கள். முதலில் லேசாக வையுங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், எப்படி வைப்பது என்று அவர்களையே கேளுங்கள்.